பாலாடையும் பால்மாவும்: தாய்ப்பால் போதாதபோது

காரவள்ளியில் அடிவாரத்தை விட்டுப் புறப்பட்டு, 70 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிச் சோளக்காட்டைத் தாண்டிச் செம்மேட்டில் வந்து நிற்கும் பேருந்திலிருந்து, நாமக்கல்லிலோ சேலத்திலோ பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு இறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அவர்கள் போகவேண்டியது கொல்லிமலை ஒன்றியத்தின் 14 நாடுகளுள் ஒன்றாகிய பெரக்கரை நாட்டுக்கு. குழந்தையின் எடை 2 கிலோ 300 கிராம். மாமியாரின் மடியிலிருக்கும் துணிப்பையில், தாய்க்கு எழுதிக் கொடுத்த சத்து மாத்திரைகளுக்கு அடியில், ஒரு பால்மாவு டப்பா. “பால் பத்தலேன்னா இதைக் கரைச்சுக் குடுங்க” என்று யாரோ சொல்லியனுப்பினார்கள். பத்தவில்லை என்று எப்படி அறிவது, எவ்வளவு கொடுப்பது, எதில் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

டப்பாப் பாலை விஷமென்று வெறுப்போரும் உண்டு. தாய்ப்பாலுக்கு அது சமானந்தானே என்று அலட்சியமாய்ச் சொல்வோரும் உண்டு. இவ்விரு சாராருமே, பசித்த சிசுவைக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் விழித்திருக்கும் தாய்க்கு உதவாதவர்கள் என்பது என் அபிப்பிராயம். பால்மாவுக்கு ஒரு வேலை உண்டு: தாயின் பால் பெருகிவரும் வரையில், அல்லது பெருக இயலாத இடத்தில் அதன் குறையை நிரப்பும் அளவுக்கு, குழந்தையின் எடை இறங்காமல் காப்பது. அந்த வேலையைச் செய்கையிலேயே தாயின் மார்பை வற்றச் செய்துவிடாதபடி அதைக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சமவெளியைவிட மலைமேல் அந்த முறையை அதிகச் சிரத்தையோடு கைக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஏனெனில், 4 கிலோ எடையுள்ள குழந்தை முழுவதும் டப்பாப் பாலையே குடித்து வளர்வதாயின் நாளொன்றுக்குச் சுமார் 600 மில்லிலிட்டர் வேண்டும். 400 கிராம் டப்பா ஐந்து நாளைக்குக்கூட வராது. கூலி வேலைக்குப் போகும் குடும்பம் ஐந்து நாளுக்கு ஒரு டப்பா வாங்குவது எப்படி? டப்பா தீரத் தீரக் கரண்டிகள் குறையும், தண்ணீர் கூடும். பால் வெள்ளையாகவே இருக்கும், குழந்தை மட்டும் இளைத்துக்கொண்டே போகும். அதே டப்பாவை நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 30 மில்லிலிட்டர் என்று தாய்ப்பாலுக்குத் துணையாகக் கொடுத்தால் மூன்று வாரம் வரும். அந்த மூன்று வாரத்தில் தாயின் பாலும் பெருகிவிடக்கூடும்.

பால் சுரக்கும் விதத்தை அறிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தாமாகவே விளங்கும். மார்பு, நிறைத்து வைத்த குடமன்று, ஊற்றுக்கேணி போன்றது. இறைக்க இறைக்க ஊறும். இறைக்காமல் விட்டால் தேங்கி, “இனி வேண்டாம்” என்னும் செய்தியைத் தானே தனக்குச் சொல்லிக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். குழந்தை சப்பும் ஒவ்வொரு முறையும் தாயின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் எழுகிறது. அது இரவில் மிகுதியாக எழுவதால், இரவு ஊட்டுதலைக் கைவிட்டவள் தன் பாலில் பெரும்பங்கைக் கைவிட்டவளாகிறாள். ஆகவே, மார்புக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வேளை டப்பாப் பாலும் மறுநாள் தாய்ப்பாலில் ஒரு வேளையைக் குறைக்கிறது. மார்புக்குப் பின் கொடுக்கப்படுவதோ அவ்வாறு குறைப்பதில்லை. பதிலாகவா, பின்னாகவா என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இனி, பால் பத்தவில்லை என்பதை எவ்வாறு அறிவது? மாலை வேளையில் குழந்தை விடாமல் அழுவதும், மணிக்கொரு தடவை மார்பைத் தேடுவதும், ஆறாவது வாரத்துக்குப் பிறகு மார்பு கனமின்றி மெத்தென்று ஆகிவிடுவதும், பிழிந்து பார்த்தால் சில சொட்டுகளே வருவதும் பால் குறைவுக்கு அடையாளங்கள் அல்ல. இவை ஆரோக்கியமான தாய்க்கும் சேய்க்கும் சாதாரணமாய் நிகழ்பவை. மூன்றாவது வாரத்திலும், ஆறாவது வாரத்திலும், மூன்றாவது மாதத்திலும் குழந்தை திடீரென்று அடிக்கடி குடிக்கக் கேட்பதுண்டு. வளரும் தேகம் தன் நாளைய தேவையைத் தாயின் மார்புக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் உபாயம் அது. இந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டார் “பால் இல்லே போல” என்கிறார்கள், டப்பா திறக்கப்படுகிறது.

மெய்யான அடையாளங்கள் இரண்டே. ஒன்று மூத்திரத் துணி: ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையேனும் நன்றாய் நனையவேண்டும், மூத்திரம் நிறமின்றியோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கவேண்டும். மற்றொன்று தராசு. பிறந்த சில நாள்களில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் எடை குறையும். அது பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறவேண்டும். ஆகையால், அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளிலோ வாரம் ஒரு முறை, கூடுமானவரை அதே தராசில், துணியை அவிழ்த்துவிட்டு நிறுத்து, அந்த எண்ணை அட்டையில் எழுதி வாங்கவேண்டும். இந்த ஒரு காரியம் நூறு பேருடைய அபிப்பிராயங்களைவிடப் பிரயோஜனமுள்ளது. குழந்தை குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலும், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலும், எட்டு மணி நேரமாய் மூத்திரம் போகாதிருந்தாலும், தராசைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்துச் செம்மேட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

துணைப் பால் மெய்யாகவே அவசியமாகும் நிலைமைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்து சப்பும் பலமில்லாத குழந்தை, இரட்டைக் குழந்தைகள், இரத்தத்தில் சர்க்கரை குறைந்த சிசு, மஞ்சள் காமாலை ஏறித் தூங்கித் தூங்கி விழும் சிசு, பிரசவத்தில் மிகுந்த இரத்தம் இழந்த தாய், தைராய்டுக் கோளாறுள்ள தாய் ஆகியோரிடத்தில் இது நேரலாம். இவர்களுள் எவளும் தன்னால் ஆகவில்லையே என்று மனம் குன்றுவதற்குக் காரணமில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்மார் மட்டும், மருத்துவர் ஆலோசனையின்றி இரண்டு பாலையும் கலந்து கொடுக்கத் தொடங்கக் கூடாது; முதல் மாதங்களில் கலந்து கொடுப்பதே அவர்களுடைய குழந்தைக்குத் தொற்று நேரும் அபாயத்தைக் கூட்டும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: தாயின் பாலையே கையால் பீய்ச்சித் துணைப்பாலாகக் கொடுப்பது. குழந்தை இரண்டு பக்கமும் குடித்து முடிந்தபின், சோப்பிட்டுக் கை கழுவி, கொதிக்க வைத்த கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, கருவட்டத்துக்குச் சற்று வெளியே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து நெஞ்சுப் பக்கமாக அழுத்திப் பின் முன்னோக்கிப் பிழிந்தால் எஞ்சிய பால் வரும். ஆரம்பத்தில் ஒரு கரண்டி அளவே வந்தாலும் தளரவேண்டாம். பிழிந்ததும் ஓர் இறைப்புத்தானே, ஊற்று அதற்கும் பதில் சொல்லும். எடை மிகக் குறைந்த சிசு சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் இருக்க நேர்ந்தால், தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் கிடைக்குமா என்று தயங்காமல் கேட்கலாம். 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கிய அந்த ஏற்பாடு இப்போது தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் நடைபெறுகிறது.

அதுவும் போதாதபோதுதான் பால்மாவு. முதலில் மார்பு, இரண்டு பக்கமும், குழந்தை தானாக விடும்வரை. அதன்பின் அளந்த துணைப் பால். அதன்பின் தாய் ஐந்து அல்லது பத்து நிமிஷம் பீய்ச்சி, வந்ததை அடுத்த வேளைக்கு மூடி வைக்கவேண்டும். இம்மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் தாய் சோர்ந்துபோவாள். ஆதலால் அவள் பீய்ச்சும்போது துணைப் பாலைப் புகட்டும் வேலையை மாமியாரோ கணவனோ ஏற்கவேண்டும். அளவைப் பொறுத்தவரை, பிறந்த முதல் நாள் சிசுவின் வயிறு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர் வரையே கொள்ளும். இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. முதல் நாளிலேயே 60 மில்லிலிட்டர் கரைத்து ஊட்டினால், அது மந்தமாய் உறங்கி அடுத்த மூன்று வேளை மார்பை மறந்துவிடும்; வீட்டார் அதை வயிறு நிறைந்த உறக்கமென்று எண்ணி மகிழ்வார்கள். வாரங்கள் சென்ற குழந்தைக்கு வேளைக்கு 30 மில்லிலிட்டரில் தொடங்கி, தராசு சொல்லுகிறபடி கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

எதில் கொடுப்பது என்னும் கேள்விக்கு, நம்முடைய பாட்டிமார் வைத்திருந்த பாத்திரத்தைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. சங்கு என்றும் பாலாடை என்றும் வழங்கும் அந்தச் சிறு மூக்குக் கிண்ணம் ஒரு காலத்தில் வெள்ளியிலும் பித்தளையிலும் இருந்தது. இப்போது எவர்சில்வரில் கிடைக்கிறது. குறைமாதச் சிசுக்களைப் பேணும் பெரிய மருத்துவமனைகளிலும் செவிலியர் அதையே கையில் எடுக்கிறார்கள். ரப்பர்க் காம்பில் சப்புவதற்கும் மார்பில் சப்புவதற்கும் நாவின் அசைவே வேறு. காம்பில் பால் பிரயாசையின்றி ஓடிவருவதால், அதற்குப் பழகிய குழந்தை மார்பில் பொறுமையிழந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புட்டியின் கழுத்திலும் காம்பின் உட்பக்கத்திலும் ஒட்டிய பாலைச் சுத்தமாய்க் கழுவுவது, குழாய்த் தண்ணீர் தாராளமில்லாத வீட்டில் ஏறக்குறைய அசாத்தியம். பாலாடையிலோ விரல் படாத மூலை கிடையாது. சோப்பிட்டுத் தேய்த்து, தண்ணீரில் முழுவதும் மூழ்கவைத்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும்.

ஆனால் பாலாடையைப் பயன்படுத்துவதில் பழைய வழக்கம் ஒன்றை மாற்றித்தான் ஆகவேண்டும். கால்களை நீட்டி அவற்றின்மேல் குழந்தையை மல்லாத்தி, அழும் வாயில் சங்கைச் சாய்த்து, மூக்கைப் பிடித்தாவது உள்ளே இறக்கிவிடும் அந்த முறையில் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். புரையேறி நெஞ்சில் சளி கட்டிய குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. விழித்திருக்கும் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாற்போல் தாங்கி, கழுத்தையும் தலையையும் ஒரு கையால் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் தொடும்படி வைத்து, பால் உதட்டைத் தீண்டும் அளவுக்கு மட்டும் சாய்க்கவேண்டும். குழந்தை தானே நாவை நீட்டி உறிஞ்சும், விழுங்கும், சற்று நிற்கும். நிற்கும்போது நாமும் நிற்கவேண்டும். வாயை மூடிக்கொண்டால் மிச்சத்தைத் திணிக்காமல் கொட்டிவிடவேண்டும். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று இரண்டு மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் எடுத்துக் கொடுப்பதைவிடக் கொட்டுவது லாபம்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. டப்பாவிலுள்ள மாவு கிருமியற்றதென்று பலரும் நினைக்கிறார்கள், அது அப்படியன்று. குரோனோபாக்டர் என்னும் கிருமி உலர்ந்த மாவிலும் உயிரோடிருந்து, வெதுவெதுப்பான பாலில் விரைவாய்ப் பெருகி, இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு, விசேஷமாகக் குறைமாதச் சிசுக்களுக்கு, மூளைக் காய்ச்சலை உண்டாக்கக்கூடியது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிமுறையில், மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கவேண்டுமென்று விதித்தது. கொல்லிமலையின் மேல்தளம் கடல்மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் தீங்கில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் சிறு பாத்திரத்து வெந்நீர், கீழ்நாட்டார் சொல்லும் அரை மணி நேரத்துக்குக் காத்திராமல் சில நிமிஷங்களிலேயே 70-க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே ஊற்றுநீரானாலும் குழாய்நீரானாலும் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்ததும், காலங்கடத்தாமல் அளந்து ஊற்றி மாவைக் கரைத்து, அந்தக் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபின் கொடுக்கவேண்டும். இரவுக்கு வேண்டிய கொதிநீரை நல்ல பிளாஸ்கில் அடைத்து வைத்துக்கொண்டால் நடுநிசியில் அடுப்பு மூட்டவேண்டியதில்லை. கரைத்த பாலைப் பிளாஸ்கில் வைப்பதோ கிருமிக்கு விருந்து வைப்பதாகும்.

அளவு என்பது மருந்தின் அளவைப் போன்றது. முதலில் தண்ணீர், பிறகு மாவு. பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிலிட்டருக்கு அதனுள் இருக்கும் கரண்டியால் தலைதட்டிய ஒரு கரண்டி என்று கண்டிருக்கும். ஆயினும் கையிலுள்ள டப்பாவில் அச்சிட்டிருப்பதே பிரமாணம். தண்ணீர் கூடினால் போஷாக்குக் குறைவதோடு இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். மாவு கூடினால் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பாரமாகி உடம்பில் நீர் வற்றும். கடையில் வாங்கும்போது மற்றொரு ஜாக்கிரதை: டீக்குக் கலக்கும் பால் பவுடரும் குழந்தைப் பால்மாவும் சிறு கடையில் ஒரே தட்டில் அருகருகே இருக்கும், முன்னதை எக்காரணத்தாலும் சிசுவுக்குக் கரைக்கலாகாது. பிறந்த நாள்முதல் கொடுக்கத்தக்கது என்று குறித்திருக்கிறதா, தேதி கடந்ததா, டப்பா நசுங்கியிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு பார்த்து வாங்கவேண்டும். வீட்டிலே கறக்கும் பசும்பாலும் ஆட்டுப்பாலும், தண்ணீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும், ஒரு வயது வரையில் குழந்தைக்கு முக்கிய ஆகாரமாகத் தகாது.

இந்த இடத்தில் கொல்லிமலைத் தேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமவெளியார் தேடி வந்து வாங்கிப்போகும் நல்ல தேன் அது. அதில் எனக்கும் பெருமை உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைப்பதென்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டு வைக்கும் வழக்கத்தில், பெரியவர்களின் ஆசீர்வாதம் நிறைந்த அன்பு இருப்பதையும் அறிவேன். ஆயினும் தேனில் கலந்திருக்கக்கூடிய ஒருவகை நுண்விதை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளையெல்லாம் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சேனை வைக்க விரும்பும் தாத்தாவோ பாட்டியோ, தாயின் சீம்பாலையே விரலில் தொட்டு வைத்து ஆசீர்வதிக்கட்டும்.

காப்பிப் பழமும் மிளகும் பறிக்கும் பருவத்தில் தாய் வேலைக்குத் திரும்பவேண்டிவரும். அரசு ஊழியருக்குள்ள பேறுகால விடுப்பு கூலிக்குப் போகிறவளுக்கு ஏது? அவள் விடியற்காலையிலும், புறப்படுமுன்பும், திரும்பியதும், இரவிலும் மார்பு கொடுப்பதை விடாமல், பகலில் மட்டும் பீய்ச்சிய பாலையும் அது போதாதபோது பால்மாவையும் பாலாடையில் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். பீய்ச்சிய பால், 25 டிகிரிக்கு மிகாத நிழலான இடத்தில் மூடி வைத்தால் நான்கு மணி நேரம் கெடாது. மலைக்காற்று இந்த விஷயத்தில் நமக்கு உபகாரி. தோட்டத்தில் மதிய இடைவேளையில் ஒரு மறைவிடத்தில் பீய்ச்சிவிடுவதும் அவசியம். அந்தப் பாலைப் பாதுகாக்க வசதியில்லாமல் மண்ணில் விடநேர்ந்தாலும், மறுநாளைய பால் பிழைத்துக்கொள்ளும். கூடுமானால் தூளியையே தோட்டத்து மரத்தில் கட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

யாரேனும் ஒரு டப்பாவை இலவசமாகக் கொடுத்தால் வாங்கவேண்டாம். 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்தியப் பெண்மணி, தாய்ப்பாலை மறக்கடித்து டின்பாலைப் புகுத்தும் விளம்பரங்களால் சிசுக்கள் மடிவதைக் கண்டு மனம் பதைத்து, “பாலும் கொலையும்” என்ற தலைப்பிலேயே ஒரு பிரசங்கம் செய்தார். உலக நாடுகள் கூடி அதற்கொரு நெறிமுறை வகுக்க 1981 வரை ஆயிற்று. இந்தியா 1992-இல் சட்டமே இயற்றி, 2003-இல் அதை இன்னும் இறுக்கிற்று: இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் பால்மாவுக்கும் உணவுக்கும் விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு மாதிரி டப்பா கொடுக்கக் கூடாது, டப்பாவின்மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. கையில் வாங்கிய டப்பாவில் கொழுகொழுவென்ற குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

துணைப் பாலைக் குறைக்கும் காலத்தைத் தராசே அறிவிக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை நன்றாய் ஏறியிருந்தால், காலையில் மார்பு நிறைந்திருக்கும் வேளையிலுள்ள துணைப் பாலை முதலில் நிறுத்தவேண்டும். மாலை வேளைக்குரியதைக் கடைசியில். ஒரு வேளையைக் குறைத்தபின் மூன்று நான்கு நாள் மூத்திரத் துணிகளை எண்ணி, வாரக் கடைசியில் நிறுத்துப் பார்த்து, ஏற்றம் குறையாதிருந்தால் அடுத்த வேளைக்குப் போகலாம். சிலருக்கு நான்கு வேளை இரண்டாகி, அந்த இரண்டிலேயே நின்றுவிடும். ஆறு மாதம் நிறைந்து கேழ்வரகுக் கூழும் சாமைக் கஞ்சியும் தொடங்கும்வரை அப்படியே நடத்திக்கொண்டு போகலாம், அதன்பின்னும் இரண்டு வயது வரை மார்பு கொடுத்துவரலாம். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதாகையால், திறந்த தேதியை மூடியின்மேல் எழுதி வைக்கவேண்டும். டப்பா தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கச் செம்மேட்டுக்கோ கீழ்நாட்டுக்கோ புறப்படுகிறவர்கள், புறப்படுவதற்கு முன் குழந்தையை ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும்.